‘பாத்தாச்சு’ என்ற பதில் போதாது: ட்ரோன் பறக்கும் முன் ஒரு செக்லிஸ்ட்

ஏரி, கண்மாய்களை மேலிருந்து படமெடுத்து வரைபடமாக்கும் வேலைக்கு, இரண்டு கிலோவுக்கும் குறைவான எடையுள்ள நான்கு விசிறி ட்ரோன் ஒன்றை நான் பயன்படுத்துகிறேன். அதை மேலே அனுப்புவதற்கு முன்னால் போனில் ஒரு செக்லிஸ்ட்டைத் திறந்து பதினேழு கேள்விகளுக்குப் பதில் நிரப்புவேன். பக்கத்தில் நின்று பார்ப்பவர்கள் வழக்கமாகக் கேட்பது இதுதான்: “இத்தனை தடவை விட்டிருக்கீங்க, இன்னுமா லிஸ்ட் பாத்துக்கிட்டு?”

நியாயமான கேள்வி. அதற்கான பதிலைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதப்போகிறேன். சுருக்கமாகச் சொன்னால், தெரியாதவருக்குக் கையேடு வேண்டும், தெரிந்தவருக்குத்தான் செக்லிஸ்ட் வேண்டும். தெரியாதவர் ஒவ்வொன்றையும் பயந்து பயந்து பார்ப்பார். தெரிந்தவருடைய கை தானாக வேலை செய்யும், மனசு வேறெங்கோ இருக்கும். அந்த இடைவெளியில்தான் விபத்து நுழைகிறது.

அதோடு, எந்த செக்லிஸ்ட்டும் போதும் என்றில்லை. வெறுமனே டிக் அடிக்கும் பட்டியல் பாதுகாப்பு தருவதில்லை, பாதுகாப்பாக இருக்கிறோம் என்ற நினைப்பைத்தான் தருகிறது. டிஜிட்டல் பட்டியலில் இந்த ஆபத்து இன்னும் அதிகம், ஏனென்றால் விரலுக்கு வேகம் ஜாஸ்தி. கேள்வியை எப்படிக் கேட்கிறோம் என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது.

எதற்கு இவ்வளவு கவலை என்று கேட்டால், ஒரு சின்னக் கணக்கு. 60 மீட்டர் உயரத்திலிருந்து ஒரு பொருள் விழுந்தால், காற்றுத்தடையை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், தரையைத் தொடும்போது அதன் வேகம் மணிக்குச் சுமார் 120 கிலோமீட்டர். காற்றுத்தடை அதைக் குறைக்கும்தான், ஆனால் ஒரு கிலோ எடை தலையில் விழுந்தால் அந்தக் குறைப்பு பெரிய ஆறுதல் தராது. விமானத்துக்காவது இறக்கை உண்டு, எஞ்சின் நின்றாலும் கொஞ்ச தூரம் மிதந்து வரும். நான்கு விசிறி ட்ரோனில் ஒரு மோட்டார் நின்றாலே பெரும்பாலும் கல் மாதிரிதான் விழும். கீழே ஆடு மேய்ப்பவர் இருப்பார், துணி துவைப்பவர் இருப்பார், ட்ரோனைப் பார்க்க ஓடி வந்த பிள்ளைகள் இருப்பார்கள்.

செக்லிஸ்ட் எங்கிருந்து வந்தது

1935 அக்டோபர் 30. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் டேட்டன் நகருக்குப் பக்கத்தில் ரைட் ஃபீல்ட் என்ற ராணுவ விமானதளம். போயிங் நிறுவனம் உருவாக்கிய மாடல் 299 என்ற நான்கு எஞ்சின் குண்டுவீச்சு விமானத்தின் சோதனைப் பறப்பு. ஓட்டியவர் மேஜர் ப்ளாயர் ஹில், அனுபவம் மிக்க ராணுவச் சோதனை விமானி. விமானம் கிளம்பியது, செங்குத்தாக ஏறியது, வேகம் இழந்து விழுந்து எரிந்தது. ஹில்லும், உடன் இருந்த போயிங் சோதனை விமானி லெஸ்லி டவரும் இறந்தார்கள்.

விமானத்தில் கோளாறு ஒன்றும் இல்லை. தரையில் நிற்கும்போது காற்றில் வால் பகுதிச் சுக்கான்கள் ஆடிவிடாமல் இருக்க ஒரு பூட்டு போட்டிருப்பார்கள். கிளம்பும் முன் அதை எடுக்கவில்லை. அவ்வளவுதான்.

விமானத்தை ஓட்டத் தெரியாததால் வந்த விபத்து இல்லை என்பதால் ‘இன்னும் பயிற்சி கொடுங்கள்’ என்பது தீர்வாக இருக்கவில்லை. கிளம்பும் முன், பறக்கும்போது, இறங்கும் முன், இறங்கிய பின் என்று பார்க்க வேண்டியவற்றை எழுதி வைத்தார்கள். விமானிகளின் செக்லிஸ்ட் பரவலான வழக்கமானது அதற்குப் பிறகுதான். அதே விமானத்தின் வழிவந்ததுதான் இரண்டாம் உலகப்போரில் ஆயிரக்கணக்கில் பறந்த பி-17.

இந்தக் கதை பல புத்தகங்களில் வந்துவிட்டது. அதோடு நிறுத்தினால், ‘பட்டியல் இருந்தால் பிரச்சினை தீர்ந்தது’ என்று தோன்றும். தீரவில்லை.

பட்டியல் இருந்தும் நடந்த இரண்டு விபத்துகள்

1987 ஆகஸ்ட் 16. டெட்ராய்ட் விமான நிலையத்திலிருந்து கிளம்பிய நார்த்வெஸ்ட் விமானம் 255 உயரம் பிடிக்க முடியாமல் விழுந்தது. தரையில் இருந்த இருவரையும் சேர்த்து 156 பேர் இறந்தார்கள். விமானத்தில் இருந்தவர்களில் பிழைத்தது நாலு வயதுச் சிறுமி ஒருத்தி மட்டும். காரணம், கிளம்பும்போது இறக்கையின் மடிப்புகளை நீட்டியிருக்க வேண்டும், நீட்டவில்லை. அதைக் கவனிக்கச் சொல்லும் செக்லிஸ்ட் விமானிகளிடம் இருந்தது. அன்று அந்தப் பகுதியை அவர்கள் வாசிக்கவில்லை. எச்சரிக்க வேண்டிய கருவிக்கும் மின்சாரம் வரவில்லை.

அடுத்த வருஷம், 1988 ஆகஸ்ட் 31. டல்லஸ் - ஃபோர்ட் வொர்த் நிலையத்தில் டெல்டா விமானம் 1141. அதே தவறு, இறக்கை மடிப்புகள் நீட்டப்படவில்லை. 14 பேர் இறந்தார்கள். ஆனால் இங்கே ஒரு முக்கியமான வித்தியாசம் உண்டு. விமானியறை ஒலிப்பதிவில் செக்லிஸ்ட் வாசிக்கப்பட்டது கேட்கிறது. மடிப்புகளைப் பற்றிக் கேள்வி வந்ததும், பதினைந்து, பச்சை விளக்கு எரிகிறது என்று துணை விமானி பதிலும் சொல்கிறார். மடிப்புகளோ நீட்டப்படவே இல்லை என்றது விசாரணை.

முதல் விபத்தில் பட்டியலை வாசிக்கவில்லை. இரண்டாவதில் வாசித்தார்கள், பதிலும் வந்தது, அதுவும் எண்ணோடு வந்தது. பதில் சொன்னது வாய், கண் இல்லை. ஆயிரம் தடவை ‘பதினைந்து’ என்று சொல்லிப் பழகிய வாய், ஆயிரத்து ஒன்றாவது தடவையும் அதையே சொல்கிறது.

இப்படிப்பட்ட விபத்துகளுக்குப் பிறகு, நாசாவுக்காக அசாஃப் டெகானியும் ஏர்ல் வீனரும் விமானிகளின் செக்லிஸ்ட் பழக்கத்தை ஆராய்ந்து 1990-ல் ஓர் அறிக்கை எழுதினார்கள். குறுக்கீடு, அவசரம், எதிர்பார்த்ததையே பார்க்கும் கண் என்று அவர்கள் பேசும் விஷயங்களெல்லாம் ஏரிக்கரைக்கும் அப்படியே பொருந்தும். “அண்ணே, இது எவ்ளோ ஒசரம் போகும்?” என்று ஒரு பையன் கேட்பான். அவனுக்குப் பதில் சொல்லிவிட்டுத் திரும்பும்போது மூன்றாவது விசிறியில் நின்றோமா நான்காவதிலா என்பது மறந்திருக்கும். ‘எல்லாம் பாத்தாச்சு’ என்று மனசு சொல்லும்.

மருத்துவத்திலும் இதே பாடம் வந்தது. உலக சுகாதார அமைப்பு 2008-ல் அறுவை சிகிச்சைக்கான 19 அம்சப் பட்டியலை வெளியிட்டது. புதுதில்லி உட்பட எட்டு நகரங்களின் எட்டு மருத்துவமனைகளில் அதைப் பயன்படுத்திப் பார்த்தபோது இறப்பு விகிதம் 1.5 சதவீதத்திலிருந்து 0.8 சதவீதமாகக் குறைந்தது. 2009-ல் வந்த அந்த ஆய்வு உலகப் புகழ் பெற்றது. 2014-ல் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 101 மருத்துவமனைகளைப் பார்த்தார்கள். பட்டியல் வந்ததற்கு முன்னும் பின்னும் குறிப்பிடத்தக்க மாற்றம் தெரியவில்லை. ஏன் என்று இன்னும் விவாதம் நடக்கிறது. எனக்குப் படுவது, பட்டியலை அறிமுகப்படுத்துவது வேறு, பட்டியல் கேட்பதைச் செய்வது வேறு.

இயந்திரம் பார்ப்பது, மனிதன் பார்ப்பது

காகிதத்திலிருந்து திரைக்கு வந்ததும் ஒரு புதிய வசதி கிடைத்தது. போயிங் 777 விமானத்தின் மின்னணு செக்லிஸ்ட்டில் சில அம்சங்களை விமானமே உணர்ந்து டிக் போட்டுக்கொள்ளும். சுவிட்ச் சரியான நிலைக்கு வந்தால்தான் அந்த வரி பச்சையாகும். மற்ற அம்சங்களை மனிதர்தான் பார்த்துக் குறிக்க வேண்டும்.

ட்ரோன் உலகத்தில் இதற்கு நல்ல உதாரணம் க்யூகிரவுண்ட்கன்ட்ரோல் என்ற திறமூலச் செயலி. அதில் பறப்புக்கு முந்தைய செக்லிஸ்ட் ஒன்று உள்ளேயே இருக்கிறது. அமைப்புகளில் அதை இயக்கிக்கொள்ளலாம். பட்டியலை முடிக்காமல் மோட்டாரை இயக்க விடாதே என்று கட்டாயமாக்கவும் செய்யலாம். அதன் மூல நிரலில் பலவிசிறி ட்ரோனுக்கான பட்டியலைப் பார்த்தால் சுவாரஸ்யமான ஒன்று தெரியும். பேட்டரி 40 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அந்த வரி தேறாது, ‘பரவாயில்லை’ என்று நீங்கள் தள்ளிவிடவும் முடியாது. செயற்கைக்கோள் எண்ணிக்கை 9-க்குக் கீழே இருந்தாலும் தேறாது, ஆனால் இதை நீங்கள் பொறுப்பேற்றுத் தாண்டிப் போகலாம். புரொப்பெல்லர் இறுக்கமாக இருக்கிறதா, காற்று எப்படி, பாதையில் ஆட்கள் இருக்கிறார்களா என்பதெல்லாம் வெறும் கேள்விகள். அங்கே இயந்திரத்துக்குக் கண் கிடையாது.

ஆக மூன்று வகை இருக்கிறது. இயந்திரம் பார்த்துத் தடுப்பது, இயந்திரம் பார்த்து எச்சரிப்பது, மனிதன் மட்டுமே பார்க்கக்கூடியது. முதல் இரண்டையும் இயந்திரத்திடம் விட்டுவிட்டு, மூன்றாவதில் நம் கவனம் முழுவதையும் வைக்க வேண்டும். நடப்பதோ பெரும்பாலும் தலைகீழ். திரையில் பச்சை வந்துவிட்டால் ‘ரெடி’ என்று நினைத்துவிடுகிறோம். புரொப்பெல்லரில் விரிசல் இருந்தாலும் திரை பச்சையாகத்தான் இருக்கும்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. ஆர்டுபைலட் போன்ற பறப்பு மென்பொருள்கள் காம்பஸ், ஜி.பி.எஸ்., பேட்டரி எல்லாவற்றையும் தாமாகவே சோதித்து, ஏதாவது சரியில்லை என்றால் மோட்டாரை இயக்க மறுக்கும். அந்தச் சோதனையை அமைப்புகளில் போய் அணைத்துவிடவும் முடியும். ‘தொல்லையா இருக்கு, ஆஃப் பண்ணிட்டேன்’ என்று சொல்பவர்களைப் பார்க்கலாம். நாய் குலைக்கிறது என்று நாயை விற்றுவிட்ட கதைதான்.

பதினேழு கேள்விகள்

என் பட்டியல் நான்கு கட்டமாகப் பிரிந்திருக்கிறது. வீட்டில் ஐந்து, களத்தில் மின்சாரம் கொடுக்கும் முன் நான்கு, கொடுத்த பின் ஐந்து, தரைக்கு மேலே தாழ்வாக நிறுத்திப் பார்க்கும்போது மூன்று.

வீட்டில் முதல் கேள்வி வான்பரப்பு. இந்தியாவின் 2021 ட்ரோன் விதிகள் நாட்டை பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பிரிக்கின்றன. பச்சையில் 120 மீட்டர் வரை முன் அனுமதி இல்லாமல் பறக்கலாம். இயங்கும் விமான நிலையத்தின் எல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டர் தூரத்தில் என்றால் 60 மீட்டர் வரைதான். பறப்பதற்கு முன் டிஜிட்டல் ஸ்கை தளத்தில் அந்த இடத்துக்குக் கட்டுப்பாடு ஏதும் இருக்கிறதா என்று பார்ப்பது விதிப்படி கட்டாயம். நேற்று பார்த்தது இன்றைக்குச் செல்லாது. அவசரத் தேவை என்றால் மாநில அரசோ காவல்துறையோ ஓரிடத்தைத் தற்காலிகச் சிவப்புப் பகுதியாக ஒரு தடவைக்கு 96 மணி நேரம் வரை அறிவிக்கலாம். பக்கத்து ஊருக்கு முக்கியப் பிரமுகர் வருகிறார் என்றாலே வரைபடம் மாறலாம். அதனால் என் பட்டியலில் கேள்வி ‘பார்த்தாயா’ என்று இருக்காது. ‘என்ன நிறம், எத்தனை மீட்டர், எத்தனை மணிக்குப் பார்த்தாய்’ என்று இருக்கும்.

இரண்டாவது, காற்று, மழை முன்னறிவிப்பு. மூன்றாவது, ஒவ்வொரு பேட்டரியின் எண்ணும் சார்ஜ் அளவும், எது உப்பியிருக்கிறது என்பதும். உப்பிய லித்தியம் பேட்டரி பறக்கக் கூடாது, அதில் பேரமே கிடையாது. நான்காவது, மென்பொருள் அப்டேட் ஏதும் வந்திருக்கிறதா. களத்துக்குப் போகும் அன்று காலையில் அப்டேட் செய்யக் கூடாது, செய்தால் வீட்டருகே சோதனையாகப் பறக்கவிட்ட பிறகுதான் களம். ஐந்தாவது, நினைவக அட்டை காலியாக இருக்கிறதா, ஆவணங்கள் பையில் இருக்கின்றனவா. அட்டை பாதுகாப்பு விஷயம் இல்லையே என்று தோன்றலாம். மேலே போன பிறகு அட்டை இல்லை என்று தெரிந்தால் அவசரமாக இறக்குவோம், அவசரமாக மறுபடி ஏற்றுவோம். அந்த இரண்டாவது தடவை பட்டியல் காற்றோடு போய்விடும்.

களத்தில் ஆறாவது கேள்வி, சுற்றிலும் ஆட்கள், மின்கம்பி, மரம், இவற்றில் உயரமானது எது, எத்தனை மீட்டர். ஏழாவது, அங்கே வீசும் காற்று. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள், ஒரு கிலோ ட்ரோன் எம்மாத்திரம்? தென்மேற்குப் பருவ மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று பாயும் உடுமலை, பல்லடம் பக்கமும், ஆரல்வாய்மொழிப் பக்கமும் காற்றாலைகள் சும்மா நிற்கவில்லை. தரையில் வீசுவதைவிட நூறு மீட்டருக்கு மேலே காற்று வலுவாக இருக்கும். போகும்போது காற்று பின்னாலிருந்து தள்ளினால், திரும்பும்போது எதிர்க்கும், பேட்டரி இரட்டிப்பாகக் கரையும். அதனால் முதலில் காற்றை எதிர்த்துப் போய், திரும்பும்போது காற்றோடு வருகிற மாதிரி பாதையை அமைப்பேன்.

எட்டாவது, நான்கு புரொப்பெல்லர்கள். விளிம்பை நகத்தால் வருடிப் பார்த்தால் கண்ணுக்குத் தெரியாத நுனிப்பிளவும் தட்டுப்படும். நான்கில் இரண்டு கடிகாரச் சுற்றில், இரண்டு எதிர்ச்சுற்றில் சுழல்பவை. இடம் மாற்றிப் பொருத்தினால் கிளம்பும்போதே குப்புறக் கவிழ்ந்துவிடும். ஒன்பதாவது, பேட்டரியின் தாழ்ப்பாள் ‘கிளிக்’ என்று விழுந்ததா, கேமராவின் பாதுகாப்பு மூடி எடுத்தாச்சா. பாதி பூட்டிய பேட்டரி தரையில் வேலை செய்யும், மேலே அதிர்வில் நழுவும்.

மின்சாரம் கொடுத்த பின் பத்தாவது கேள்வி, பேட்டரியின் செல்களுக்கிடையே வோல்ட் வித்தியாசம். முழுதாகச் சார்ஜ் ஆன சாதாரண லித்தியம் பாலிமர் செல் 4.2 வோல்ட் காட்டும். ஒரு செல் மட்டும் 0.1 வோல்ட் பின்தங்கினால் அந்த பேட்டரியை ஓரமாக வைத்துவிடுவேன். பதினொன்று, எத்தனை செயற்கைக்கோள்.

பன்னிரண்டு, காம்பஸ். ட்ரோனின் மூக்கைத் தெரிந்த ஒரு திசைக்கு, உதாரணமாகக் கிழக்கு பார்த்த கோயில் வாசல் எந்தப் பக்கம் நோக்குகிறதோ அந்தப் பக்கம் திருப்பி வைத்தால், திரையில் 90 பாகைக்குப் பக்கத்தில் காட்ட வேண்டும். மொட்டைமாடி, பாலம், பம்புசெட் தகரக் கொட்டகை, நிறுத்திய வண்டி இவற்றுக்குப் பக்கத்தில் இரும்பு காம்பஸைக் குழப்பும். குழம்பிய காம்பஸோடு கிளம்பினால் ட்ரோன் ஒரே இடத்தில் நிற்காமல் வட்டம் வட்டமாகச் சுற்றி விலகும். பதின்மூன்று, வரைபடத்தில் ஹோம் பாயின்ட் நாம் நிற்கும் இடத்தில்தான் இருக்கிறதா. பதினான்கு, தொடர்பு அறுந்தால் என்ன செய்யும், எந்த உயரத்தில் திரும்பி வரும். இதற்கு மட்டும் தனியாகக் கீழே வருகிறேன்.

கடைசி மூன்றும் தலை உயரத்துக்குக் கொஞ்சம் மேலே நிறுத்திப் பார்ப்பவை. அரை நிமிஷம் தானாக ஒரே இடத்தில் நிற்கிறதா, நாலு திசைக்கும் ரிமோட் சொன்னபடி கேட்கிறதா, சுமையேறிய பிறகு பேட்டரி வோல்ட் எவ்வளவு. தரையில் நல்ல பிள்ளையாக இருக்கும் பழைய பேட்டரி, மோட்டார் இழுக்கும்போதுதான் குணம் காட்டும்.

திரும்பி வரும் உயரம்

பதினேழில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள் என்றால் இதைத்தான் வைத்துக்கொள்வேன்.

ரிமோட்டுடன் தொடர்பு அறுந்தால் ட்ரோன் குறிப்பிட்ட உயரத்துக்கு ஏறி, நேர்கோட்டில் கிளம்பிய இடத்துக்கு வந்து இறங்கும். இது உயிர்காக்கும் வசதி. ஆனால் அந்த உயரம் ஓர் எண், யாரோ எப்போதோ போட்ட எண். ஆர்டுபைலட்டில் நாம் மாற்றாவிட்டால் இருக்கும் எண் 15 மீட்டர். வெளிநாட்டுப் புல்வெளியில் அது போதும். நம் ஊர்க் கரையில் 20 மீட்டரைத் தாண்டிய பனையும் தென்னையும் சாதாரணம். செல்போன் கோபுரமும் உயரழுத்த மின்கோபுரமும் 40 மீட்டருக்கும் மேலே நிற்கும். தடைகளை உணரும் கேமராக்கள் உள்ள ட்ரோனுக்கும் மெல்லிய மின்கம்பி தெரியாமல் போகலாம். இன்னொன்று, இந்த உயரம் கிளம்பிய இடத்திலிருந்து கணக்கு. ஏரியின் உள்வாயில் நின்று கிளப்பினால், கரைமேல் நிற்கும் மரம் அதன் சொந்த உயரத்தைவிட அதிகமான தடை.

நேற்றைய வயல்வெளிக்குப் போட்ட 25 மீட்டர் இன்றைய தென்னந்தோப்பிலும் அப்படியே இருக்கும். திரை பச்சைதான். ஏனென்றால் 25 என்பது செல்லுபடியாகும் எண், மரம் இருப்பது மென்பொருளுக்குத் தெரியாது.

‘திரும்பும் உயரம் சரிபார்க்கப்பட்டதா? ஆம் / இல்லை’ என்று கேட்டால் நூற்றுக்கு நூறு ‘ஆம்’ வரும். என் பட்டியலில் இது இரண்டு பெட்டி. முதல் பெட்டி: இங்கே தெரியும் உயரமானது என்ன, கிளம்பும் இடத்திலிருந்து எத்தனை மீட்டர்? இரண்டாவது பெட்டி: திரையில் இப்போது இருக்கும் திரும்பும் உயரம் எத்தனை? இரண்டாவது எண் முதலாவதைவிடக் குறைந்தது 15 மீட்டர் கூடுதலாக இல்லாவிட்டால் அடுத்த கேள்வி திறக்காது. அந்தக் கூடுதலையும் சேர்த்த எண் அங்கே அனுமதித்த உயரத்தைத் தாண்டினால், நின்று கிளப்பும் இடத்தை மாற்ற வேண்டும்.

உயரத்தை எப்படி அளப்பது? பள்ளிக்கூடக் கணக்குதான். ஒரு மீட்டர் குச்சியை நட்டு நிழலை அளந்தால் அரை மீட்டர், மரத்தின் நிழல் 12 மீட்டர் என்றால் மரம் 24 மீட்டர். சென்டிமீட்டர் துல்லியம் தேவையில்லை. தேவை, தலையைத் தூக்கி மரத்தைப் பார்ப்பது. கேள்வி நம்மை அதைச் செய்ய வைக்கிறது.

கேள்வியை எப்படிக் கேட்பது

டல்லஸ் விபத்தைத் திரும்ப நினைத்துப் பாருங்கள். ‘எண் சொல்’ என்றால் மட்டும் போதாது. தினமும் ஒரே பதில் வருகிற கேள்விக்கு வாயே பதில் சொல்லிவிடும். தினமும் பதில் மாறுகிற கேள்விக்குக் கண் போய்த்தான் ஆக வேண்டும். செயற்கைக்கோள் இன்று 14, நாளை 17. செல் வித்தியாசம் இன்று 0.02, நாளை 0.03. இவற்றை மனப்பாடமாகச் சொல்ல முடியாது.

பதில் மாறாத விஷயங்களுக்கு என்ன செய்வது? கேள்வியைத் திருப்பிப் போட வேண்டும். ‘நான்கு புரொப்பெல்லரும் நல்லா இருக்கா’ என்பதற்குப் பதில் எப்போதும் ‘இருக்கு’. ‘நான்கில் அதிகக் கீறல் உள்ளது எது’ என்று கேட்டால் நான்கையும் பார்க்காமல் பதில் சொல்ல முடியாது. ‘ஆட்கள் இல்லையே’ என்பதைவிட ‘மிகப் பக்கத்தில் இருப்பவர் யார், எத்தனை அடி தூரம்’ என்பது நல்ல கேள்வி.

இதற்குத் தனிச் செயலி வாங்க வேண்டியதில்லை. கள ஆய்வுக்காரர்கள் பலர் ஏற்கெனவே பயன்படுத்தும் ஓ.டி.கே. அல்லது கோபோ படிவமே போதும். இணையம் இல்லாத இடத்தில் வேலை செய்யும். விடை குறிப்பிட்ட எல்லைக்குள் இல்லாவிட்டால் அடுத்த பக்கம் போக விடாது. புகைப்படம் கேட்கலாம். ஒவ்வொரு கேள்விக்கும் எவ்வளவு நேரம் எடுத்தோம் என்று பதிவு செய்யவும் வழி இருக்கிறது. பதினேழு கேள்வி ஒரு நிமிஷத்தில் முடிந்திருந்தால் என்ன நடந்தது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. எண்கள் சேரச் சேர வேறொரு பலனும் கிடைக்கும். செல் வித்தியாசம் மாதாமாதம் மெல்லக் கூடிவரும் பேட்டரி எது என்பது அட்டவணையில் தெரிந்துவிடும். அது உப்பும் வரை காத்திருக்க வேண்டாம்.

சில நடைமுறை விஷயங்கள். ட்ரோனை ஓட்டும் திரையும் பட்டியலும் ஒரே போனில் வேண்டாம். பட்டியல் இரண்டாவது ஆளின் போனில் இருந்தால் அவர் வாசிப்பார், ஓட்டுபவர் தொட்டுப் பார்த்துப் பதில் சொல்வார், வாசிப்பவர் நிரப்புவார். உச்சி வெயிலில் திரை தெரியாது, குடை ஒன்று பையில் இருக்கட்டும். பல கேமரா ட்ரோன்களுக்குத் தயாரிப்பாளர் சொல்லும் வெப்ப எல்லை 40 டிகிரி என்பதால், சித்திரை மதியத்தில் குடை மட்டும் போதாது, நேரத்தையே மாற்ற வேண்டும். குறுக்கீடு வந்தால் அந்தக் கட்டத்தின் முதல் கேள்விக்குத் திரும்ப வேண்டும், நின்ற இடத்திலிருந்து தொடரக் கூடாது. பட்டியல் நீளக் கூடாது. ஒரு கேள்வி சேர்த்தால், எதை எடுக்கலாம் என்றும் பார்க்க வேண்டும். அறுபது கேள்விப் பட்டியலை யாரும் நேர்மையாக நிரப்ப மாட்டார்கள்.

‘இன்னிக்கு வேணாம்’

எல்லாக் கேள்விகளும் கடைசியில் ஒரே கேள்விக்குத்தான் வந்து சேரும்: பறப்பதா, வேண்டாமா. இதைப் பட்டியல் முடிவு செய்யாது.

மூன்று மணி நேரம் பஸ்ஸில் வந்திருப்போம். கூட வந்தவருக்கு நாள் சம்பளம் கொடுத்தாச்சு. ஊர்த் தலைவர் வந்து நிற்கிறார். காற்று எல்லையைவிடக் கொஞ்சம்தான் கூடுதல். அந்த இடத்தில் மனசு பேரம் பேச ஆரம்பிக்கும்: ‘பத்து மீட்டர்தானே’, ‘சீக்கிரம் எறக்கிடலாம்’. அதனால் எல்லைகளை வீட்டில், ஃபேனுக்குக் கீழே, அவசரமில்லாத நேரத்தில் எழுதி வைக்க வேண்டும். களத்தில் அந்த எண்ணை மாற்றக் கூடாது, அதற்குக் கீழ்ப்படிய மட்டும் வேண்டும்.

இன்னொன்று, வாசிப்பவருக்கும் ‘வேண்டாம்’ சொல்லும் உரிமை இருக்க வேண்டும். என்னோடு வரும் உள்ளூர்த் தம்பி ட்ரோன் ஓட்டியதில்லை. ஆனால் அந்தக் கரையில் எந்த நேரம் யார் மாடு ஓட்டிக்கொண்டு வருவார்கள், எந்தப் பனையில் பருந்துக்கூடு இருக்கிறது என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். “அண்ணே, கொஞ்சம் பொறுங்க” என்று அவர் சொன்னால் ஏன் என்று கேட்காமல் நிறுத்துவது எங்கள் ஏற்பாடு. காரணத்தை அப்புறம் பேசிக்கொள்ளலாம். படிப்பில், அனுபவத்தில் மேலே இருப்பவர் கையில் ரிமோட் இருக்கும்போது, கீழே இருப்பவர் வாய் திறக்கத் தயங்குவார். அந்தத் தயக்கத்துக்கு எந்தச் செயலியிலும் பெட்டி கிடையாது. கிளம்பும் முன்னாலேயே பேசி வைத்தால்தான் உண்டு.

உங்களிடம் ட்ரோன் இருந்தால், பதினேழையும் நாளைக்கே செய்ய வேண்டாம். இப்போது இருக்கும் பட்டியலை எடுத்து, ‘ஆம் / இல்லை’ என்று கேட்கும் வரிகளை எண்ணிப் பாருங்கள். ஒன்றே ஒன்றை மட்டும், பார்க்காமல் பதில் சொல்ல முடியாத கேள்வியாக மாற்றுங்கள். எதில் தொடங்குவது என்று தெரியாவிட்டால், திரும்பும் உயரத்தில் தொடங்குங்கள்.